எம்.எஸ்.டபிள்யூ பிள்ளைங்கள பி.எச்.சி-க்கு களப்பணி அனுப்புறேன், மனநல வேலைக்கு எப்படி தயார் பண்றது?

மலையடிவாரம் (கேள்வி கேட்டவர்):

வணக்கம் நண்பர்களே. கள்ளக்குறிச்சி பக்கம் ஒரு சின்ன காலேஜ்ல எம்.எஸ்.டபிள்யூ (சமூகப்பணி முதுகலை) சொல்லித் தர்றேன், ஃபீல்டுவொர்க் பொறுப்பும் என் தலைல தான். டி.எம்.எச்.பி-ல (அரசோட மாவட்ட மனநலத் திட்டம்) வேலை பாக்குறவங்க, பி.எச்.சி (ஆரம்ப சுகாதார நிலையம்) டாக்டருங்க, எம்.எஸ்.டபிள்யூ முடிச்சவங்கன்னு இங்க நிறைய பேர் இருக்கீங்கன்னு தெரியும், அதான் நீளமா கேக்குறேன், கோச்சிக்காம படிங்க.

இதுவரைக்கும் மெடிக்கல் அண்ட் சைக்கியாட்ரிக் பிரிவு எடுத்த பிள்ளைங்கள வெளியூர் மனநல ஆஸ்பத்திரிக்கோ குடி மறுவாழ்வு மையத்துக்கோ தான் அனுப்பிட்டு இருந்தோம். போவாங்க, பழைய கேஸ் ஷீட்ட பாத்து கேஸ் ஹிஸ்டரி எழுதுவாங்க, டயரில கையெழுத்து வாங்கிட்டு வந்துடுவாங்க. ஸ்கிசோஃப்ரினியா பத்தி கேட்டா பக்கம் பக்கமா எழுதுவாங்க, ஆனா பக்கத்து வீட்டு அத்தை மாசக்கணக்கா தூங்காம உக்காந்திருக்கே, அதுகிட்ட என்ன பேசுவன்னு கேட்டா முழிப்பாங்க.

எங்க பிள்ளைங்கள்ல பாதிப் பேர் கல்வராயன் மலை அடிவார ஊர்க்காரங்க, சில பேருக்கு வீடே மலை மேல. அந்த சனங்க மனசு சரியில்லன்னு சொல்லிட்டு ஜி.எச் சைக்கியாட்ரி ஓ.பி-க்கு போறது அபூர்வம், பஸ் செலவு ஒரு பக்கம், ஒரு நாள் கூலி போயிடும், அதுக்கு மேல ஊர்ல பேர் கெட்டுடும்னு பயம். ஆனா சுகர், பிரஷர் மாத்திரைக்கு மட்டும் பி.எச்.சி-க்கு மாசாமாசம் கரெக்டா வந்துடுறாங்க. ஆளு வர்ற எடத்துக்கு நாம போவோம்னு நெனச்சு, இந்த வருஷம் ரெண்டாம் வருஷத்து கன்கரண்ட் ஃபீல்டுவொர்க்க (கிளாஸ் நடக்கும்போதே கூடவே பண்ற களப்பணி) வாரத்துல ரெண்டு நாள் பி.எச்.சி-ல போட ஒரு மெடிக்கல் ஆபீசர்கிட்ட பேசி வச்சிருக்கேன், மாவட்ட சுகாதார ஆபீஸ்ல லெட்டரும் குடுத்தாச்சு.

இப்ப பிரச்சன என்னன்னா அனுப்புறதுக்கு முன்னாடி என்ன சொல்லிக் குடுக்கணும்னு டிபார்ட்மென்ட்லயே ஒத்து வரல. ஒருத்தர் எல்லா நோயும் முழுசா நடத்தணும்ங்கிறார், இன்னொருத்தர் ரெண்டு நாள் ஒர்க்‌ஷாப் வச்சு சர்டிபிகேட் குடுத்தா போதும்ங்கிறார். பி.எச்.சி-ல சைக்கியாட்ரிஸ்ட் கிடையாது, டி.எம்.எச்.பி டீம் எப்பவாவது தான் வரும், அப்ப பிள்ளைங்கள யார் மேற்பார்வை பண்றது? வர்றவங்க எல்லாருக்கும் பி.எச்.க்யூ-9 (டிப்ரஷன் இருக்கான்னு பாக்குற ஒன்பது கேள்வி ஃபாரம்) போடலாமா, இல்ல வேண்டாமா?

ஒரே ஒரு விஷயத்துல நான் தெளிவா இருக்கேன். 2024 ஜூன்ல கருணாபுரத்துல விஷச்சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல செத்தப்புறம் கவுன்சிலிங்னு சொல்லிட்டு வந்த சில பேர் ஃபாரத்த நிரப்பினாங்க, போட்டோ எடுத்தாங்க, அதுக்கப்புறம் ஆளையே காணோம். என் பிள்ளைங்க அந்த மாதிரி போய் நிக்கக் கூடாது.

---

டி.எம்.எச்.பி அண்ணன்:

நல்ல முடிவு சார் (மேடமா இருந்தா மன்னிச்சுக்கோங்க). நான் வேற மாவட்டத்துல டி.எம்.எச்.பி-ல சைக்கியாட்ரிக் சோசியல் ஒர்க்கரா இருக்கேன். இந்த டி.எம்.எச்.பி 1996-ல நாலு மாவட்டத்துல ஆரம்பிச்சப்ப அதுல திருச்சியும் ஒண்ணு, அப்பவே திட்டத்துல எழுதி வச்சது என்னன்னா மனநல சிகிச்சை பி.எச்.சி வரைக்கும் போகணும்னு தான். போச்சான்னா, மாத்திரை போச்சு, டாக்டருங்களுக்கு டிரெயினிங் போச்சு, பேசுறதுக்கு ஆள் மட்டும் போகல. 2015-16-ல பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் எடுத்த தேசிய மனநல சர்வேல தமிழ்நாடும் இருந்துச்சு, சிகிச்சை தேவைப்படுறவங்கள்ல நோய பொறுத்து 70-ல இருந்து 92 சதவீதம் பேர் சிகிச்சைக்கே வரலன்னு வந்துச்சு. குடி பிரச்சனைல அது 86 சதவீதம். இவங்க எல்லாம் எங்கயோ ஒளிஞ்சிட்டு இல்ல, உங்க பி.எச்.சி வாசல்ல என்.சி.டி நர்ஸ் (சுகர், பிரஷர் மாதிரி தொற்றா நோய் பாக்குறவங்க) முன்னாடி டோக்கன் வாங்கிட்டு உக்காந்திருக்காங்க.

முழு புஸ்தகத்தையும் நடத்தாதீங்க. நடத்தினீங்கன்னா பிள்ளைங்க போய் பேஷன்ட்டுக்கு பேர் வைக்க ஆரம்பிச்சுடும், "சார் இவங்களுக்கு மேஜர் டிப்ரஷன்"னு டாக்டர்கிட்டயே சொல்லும், டாக்டர் அன்னையோட கதவ சாத்திடுவார். நான் பாத்திருக்கேன். பி.எச்.சி-ல ஸ்டூடன்ட்டுக்கு வேலை டயக்னோசிஸ் இல்ல, கேக்குறது, காத்திருக்கிறது, டாக்டர் முன்னாடி கொண்டு போய் உக்கார வைக்கிறது, அப்புறம் திரும்ப வராம போனா தேடிப் போறது, அவ்ளோ தான். இதுல கடைசியா சொன்னது தான் பெரிய வேலை, அத தான் எந்த காலேஜும் சொல்லித் தர்றதில்ல.

ஒரு உதாரணம் சொல்றேன். டாக்டர் டிப்ரஷனுக்கு ஃப்ளூவாக்சிடின் எழுதுறார்னு வைங்க, அது வேலை செய்யவே ரெண்டுல இருந்து நாலு வாரம் ஆகும், ஆனா குமட்டல், வயித்து சங்கடம், படபடப்பு எல்லாம் மொத வாரத்துலயே வந்துடும். பேஷன்ட் என்ன நெனைக்கும், மாத்திரை ஒத்துக்கலன்னு தூக்கிப் போட்டுடும், அடுத்த மாசம் பிரஷர் மாத்திரை வாங்க வரும்போது அதப் பத்தி பேசவே பேசாது, டாக்டரும் கூட்டத்துல கேக்க மாட்டார். மொத வாரக் கடைசில ஒரு போன், இல்லன்னா வீட்டுக்கே போய் "அக்கா குமட்டுதா, சாப்ட்டுட்டு போட்டுப் பாருங்க, நாலஞ்சு நாள்ல கொறஞ்சிடும், அப்பவும் போகலன்னா டாக்டர பாப்போம்"னு ஒரு வார்த்தை. இத ஒரு எம்.எஸ்.டபிள்யூ ஸ்டூடன்ட் தாராளமா பண்ணலாம், ஆனா பண்ண ஆள் இல்ல.

மேற்பார்வை பத்தி, மாசம் ஒரு தடவ டீம் வர்றதெல்லாம் பத்தாது. உங்க மாவட்ட டி.எம்.எச்.பி-ல பேசி வாரத்துல ஒரு மணி நேரம் போன்லயாவது கேஸ் பேச ஒத்துக்க வைங்க. அது கெடைக்கலன்னா அனுப்பாதீங்க, கடுமையா சொல்றேன்னு நெனைக்க வேண்டாம்.

---

ஓ.பி.சீட்டு:

பி.எச்.சி டாக்டர். நேரடியா சொல்லிடுறேன், ஸ்டூடன்ட்ஸ் வர்றாங்கன்னாலே எங்களுக்கு கொஞ்சம் அலர்ஜி. காரணம் இருக்கு. காலைல கூட்டம் நெரிக்கும்போது நாலு பேர் நோட்டு வச்சிகிட்டு டேபிள சுத்தி நிப்பாங்க, பேஷன்ட் வாய தொறக்காது, பதினோரு மணிக்கு "சார் எங்களுக்கு ஒரு கேஸ் குடுங்க"ன்னு வேற கேப்பாங்க.

எனக்கு உபயோகமா இருக்கணும்னா இப்படி பண்ணுங்க. எல்லாருக்கும் பி.எச்.க்யூ-9 வேண்டவே வேண்டாம். என்.சி.டி ரெஜிஸ்டர்ல சுகர் எறங்காதவங்க லிஸ்ட் இருக்கும், மாத்திரை டோஸ் ஏத்தி ஏத்தி பாத்தும் 300-லயே நிக்கும் சில பேருக்கு, அவங்கள குடுக்குறேன், அவங்ககிட்ட மட்டும் பேசட்டும். பாதிப் பேர் மாத்திரையே போடறதில்ல, ஏன் போடலன்னு கேக்க எனக்கு நேரமில்ல. புருஷன் குடி, மகன் பைக்ல செத்துட்டான், கந்து வட்டி, என்னன்னே தெரியாம நான் மெட்ஃபார்மின் எழுதிட்டு இருக்கேன். அத கண்டுபுடிச்சு ரெண்டே வரில என்கிட்ட சொல்ற ஸ்டூடன்ட் வந்தா நானே டீ வாங்கித் தர்றேன். ரெண்டு வரி தாங்க, குழந்தைப் பருவத்துல இருந்து ஆரம்பிக்கக் கூடாது.

இன்னொன்னு, இது உயிர் விஷயம். தெனமும் குடிக்கிற ஆள்கிட்ட "இன்னைல இருந்து விட்டுடுங்க அண்ணா, குழந்தைங்க மேல சத்தியம் பண்ணுங்க"ன்னு சொல்லிட்டு அனுப்பிடாதீங்க. ரொம்ப வருஷம் தெனம் குடிச்சவங்க திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரலாம், ரெண்டு மூணு நாள்ல கை நடுங்கி, இல்லாத பூச்சி பாம்பெல்லாம் தெரிஞ்சு, குழம்பிப் போய் செத்தே போகலாம். காலைல எந்திரிச்சதும் கை நடுங்குதா, குடிச்சா தான் நிக்குதா, முன்ன எப்பவாவது நிறுத்தினப்ப வலிப்பு வந்துச்சான்னு இந்த மூணையும் கேட்டுட்டு, ஒண்ணுக்கு ஆமான்னு வந்தாலும் நேரா எங்கிட்ட கூட்டிட்டு வரணும். உங்க ஏரியா அது வேற, சாராயத்துக்கு பேர் போன மலை, அதனால இத மொத நாளே சொல்லிக் குடுங்க, மத்த தியரி எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

---

மலையடிவாரம்:

@ஓ.பி.சீட்டு ரொம்ப நன்றி டாக்டர், சுகர் எறங்காதவங்க லிஸ்ட்ல இருந்து ஆரம்பிக்கிறது நான் யோசிக்காதது. நிறுத்தினா ஆபத்துங்கிறத எங்க சிலபஸ்ல ஒரு வரில "வித்ட்ராயல் சிம்ப்டம்ஸ்"னு போட்டு தாண்டிடுறோம், இனிமே அப்படி விட முடியாது.

@டி.எம்.எச்.பி அண்ணன் மேடம் தான், பரவால்ல அண்ணே. வாரம் ஒரு மணி நேரத்துக்கு பேசிப் பாக்குறேன்.

---

சென்ட்ரல்வேலி தமிழச்சி:

கலிஃபோர்னியால ஒரு கம்யூனிட்டி ஹெல்த் சென்டர்ல எல்.சி.எஸ்.டபிள்யூ-வா (லைசென்ஸ் வாங்கின கிளினிக்கல் சோசியல் ஒர்க்கர்) இருக்கேன், எங்க பேஷன்ட்ஸ் பெரும்பாலும் மெக்சிகோல இருந்து வந்த தோட்ட வேலைக்காரங்க, கல்வராயன் சனங்களோட பிரச்சனைக்கும் இதுக்கும் அவ்ளோ ஒண்ணும் வித்தியாசம் இல்ல, கூலி, பஸ், பேர் கெட்டுடும் எல்லாமே இங்கயும் இருக்கு.

நீங்க பண்ணப் போறதுக்கு இங்க இன்டகிரேட்டட் பிஹேவியரல் ஹெல்த்னு பேரு. இதுல பெரிய ஆதாரம்னா இம்பாக்ட் ட்ரையல், 18 பிரைமரி கேர் கிளினிக்குல 60 வயசுக்கு மேல டிப்ரஷன் இருந்த 1,801 பேர வச்சு பண்ணது, 2002-ல ஜாமாங்கிற மெடிக்கல் ஜர்னல்ல வந்துச்சு. கிளினிக்லயே ஒரு கேர் மேனேஜர் உக்காந்து பேஷன்ட்ட தொடர்ந்து பாக்குறது, சைக்கியாட்ரிஸ்ட் நேர்ல பாக்காம வாராவாரம் கேர் மேனேஜரோட லிஸ்ட்ட பாத்து யாருக்கு முன்னேற்றம் இல்லையோ அவங்களுக்கு மட்டும் மாத்திரைய மாத்தச் சொல்றது, இவ்ளோ தான் அந்த மாடல். ஒரு வருஷம் கழிச்சு அந்த குரூப்ல 45 சதவீதம் பேருக்கு டிப்ரஷன் பாதிக்கு மேல கொறஞ்சிருந்துச்சு, வழக்கமான சிகிச்சைல இருந்தவங்கள்ல 19 சதவீதம் தான். மாத்திரை ரெண்டு பக்கமும் கெடைக்கிறது தான், பின்னாடியே ஒரு ஆள் போய் விடாம பாத்துக்கிட்டது தான் வித்தியாசம், டி.எம்.எச்.பி அண்ணன் சொன்னதும் அதே தானே.

வெளிநாட்டுக் கதைன்னு நெனைக்காதீங்க, இதே மாதிரி சென்னை, டெல்லி, பெங்களூர், விசாகப்பட்டினம் நாலு ஊர் கிளினிக்குல சுகரும் டிப்ரஷனும் சேர்ந்து இருக்கிற 404 பேர வச்சு இன்டிபென்டன்ட்னு ஒரு ட்ரையல் நடந்துச்சு, 2020-ல வந்துச்சு. அதுலயும் டாக்டருக்குப் படிக்காத கேர் கோஆர்டினேட்டர் தான் பின்னாடி போனாங்க, டிப்ரஷனும் கொறஞ்சுது, சுகர், பிரஷர், கொழுப்பு இதுல ஏதாவது ஒண்ணும் கூடவே கொறஞ்சவங்க அந்தப் பக்கம் தான் அதிகம். அதனால டாக்டர் சொன்ன சுகர் லிஸ்ட் ஐடியாவ கெட்டியா புடிச்சுக்கோங்க.

பி.எச்.க்யூ-9 பத்தி. மொதல்ல பி.எச்.க்யூ-2, அதாவது அதோட மொத ரெண்டு கேள்வி மட்டும், நர்ஸ் பிரஷர் பாக்கும்போதே கேட்டுடலாம், 3 மார்க்கோ அதுக்கு மேலயோ வந்தா மட்டும் முழுசும். ஆனா ஒன்பதாவது கேள்வி செத்துப் போலாம்னு தோணுதாங்கிறது, அத கேக்க தைரியமும், பதில் ஆமான்னு வந்தா அடுத்த அஞ்சு நிமிஷம் என்ன பண்ணணும்ங்கிறதும் தெரியாத ஸ்டூடன்ட் கைல அந்த பேப்பரையே குடுக்காதீங்க. இங்க நாங்க மாணவர்கள ஜோடி ஜோடியா உக்கார வச்சு அந்த ஒரு கேள்விய மட்டும் திரும்பத் திரும்ப கேக்க வைப்போம், முகம் மாறாம, குரல் எறங்காம கேக்க வர்ற வரைக்கும். கேட்டா அந்த எண்ணம் வந்துடும்னு ஒரு பயம் எல்லாருக்கும் இருக்கு, அப்படி எல்லாம் வராது.

கடைசியா, இங்க ஹெச்.ஆர்.எஸ்.ஏ-னு மத்திய அரசு ஏஜென்சி 2014-ல இருந்து இதுக்குன்னே சோசியல் ஒர்க் காலேஜுங்களுக்கு காசு குடுக்குது, கடைசி வருஷ மாணவர்களுக்கு ஸ்டைபென்ட் கெடைக்கும். இங்க வந்து படிக்கலாம்னு யாராவது கேட்டா சொல்லுங்க, அந்த ஸ்டைபென்ட் சிட்டிசனுக்கும் கிரீன் கார்டு உள்ளவங்களுக்கும் மட்டும் தான், எஃப்-1 ஸ்டூடன்ட் விசாவுக்கு கெடையாது. இத தெரியாம நம்ம பிள்ளைங்க வந்து ஏமாந்து போறத பாத்திருக்கேன்.

---

வேலை கிடைக்குமா:

எல்லாம் சரி, நான் ஒண்ணு கேக்கலாமா, அந்த 10,000 டாலர் ஸ்டைபென்ட் எங்க, சொந்தக் காசுல டவுன் பஸ் ஏறிப் போய் பி.எச்.சி-ல வேலை செய்ற நம்ம பிள்ளை எங்க? (பொண்ணுங்களுக்காவது பிங்க் பஸ் ஃப்ரீ, பசங்க கதி?) இன்னொரு கசப்பான விஷயம், 2017 மனநலச் சட்டத்துல சைக்கியாட்ரிக் சோசியல் ஒர்க்கர்னா எம்.எஸ்.டபிள்யூ-வோட ரெண்டு வருஷ முழுநேர எம்.பில்-லும் முடிச்சிருக்கணும்னு இருக்கு. அந்த எம்.பில்-ல யூ.ஜி.சி 2022-ல எடுத்துட்டாங்க, அப்புறம் கிளினிக்கல் சைக்காலஜிக்கும் சைக்கியாட்ரிக் சோசியல் ஒர்க்குக்கும் மட்டும் 2025-26 வரைக்கும்னு நீட்டிச்சாங்க. வெறும் எம்.எஸ்.டபிள்யூ முடிச்சிட்டு வர்ற பையனுக்கு இந்த டிரெயினிங்கால என்ன வேலை கெடைக்கும்? ப்ராஜெக்ட்ல கான்ட்ராக்ட், பதினஞ்சாயிரம், ஒரு வருஷம் கழிச்சு ஃபண்ட் முடிஞ்சிடுச்சு. நானும் அப்படி ஒரு ப்ராஜெக்ட்ல இருந்தவன் தான், அதான் வயித்தெரிச்சல்.

---

டி.எம்.எச்.பி அண்ணன்:

@வேலை கிடைக்குமா நீங்க சொல்றதுல பொய் ஒண்ணும் இல்ல தம்பி. சட்டத்துல அந்த பேர் போட்டுக்கணும்னா எம்.பில் வேணும், அத பிள்ளைங்களுக்கு மொத வருஷமே சொல்லிடணும், மறைக்கக் கூடாது. ஆனா கோவால நடந்த ட்ரையல் எல்லாம் பாத்தீங்கன்னா, மனநலத்துல எந்த பட்டமும் இல்லாத உள்ளூர் ஆளுங்களுக்கு சங்கத்னு ஒரு அமைப்பு டிரெயினிங் குடுத்து பி.எச்.சி-ல உக்கார வச்சாங்க, ஆறுல இருந்து எட்டு சிட்டிங்ல டிப்ரஷனுக்கு பேசுறது, ஆளு முடங்கிப் போய் விட்டுட்ட சின்னச் சின்ன வேலைய திரும்ப ஒண்ணொண்ணா செய்ய வைக்கிறது. 2017-ல லான்செட் மெடிக்கல் ஜர்னல்ல வந்துச்சு, வேலை செய்யுதுன்னு தான் முடிவு. அத ஒரு எம்.எஸ்.டபிள்யூ-வால செய்ய முடியாதுன்னு யாரும் சொல்ல முடியாது. சம்பளம் பத்தி நான் என்ன சொல்ல, எனக்கே கான்ட்ராக்ட் தான்.

பஸ் காச காலேஜ் குடுக்கணும். ஃபீல்டுவொர்க் ஃபீஸ்னு வாங்குறீங்கல்ல?

---

முன்னாள் டிரெயினி:

நான் இதே மாதிரி ஒரு பிளேஸ்மென்ட் முடிச்சவ, வேற காலேஜ், மலை ஊரு தான். யாரும் சொல்லாத ஒரு விஷயம் சொல்றேன். மேடம் உங்க பிள்ளைங்க அதே ஊர்க்காரங்கன்னு சொன்னீங்கல்ல, அது பாதி வரம் பாதி தலைவலி. பேச்சு வழக்கு தெரியும், யார் வீட்டு காடு எங்க இருக்கு, எந்த சீசன்ல ஆம்பளைங்க கேரளாவுக்கும் கூர்க் எஸ்டேட்டுக்கும் போயிடுவாங்க, எப்ப வீட்ல பொம்பளையும் கெழவியும் மட்டும் இருப்பாங்க எல்லாம் தெரியும், அத வெளியூர் பிள்ளை கத்துக்க ஒரு வருஷம் ஆகும். ஆனா உக்காந்து பேசுற பொம்பள நம்ம சித்தியோட நாத்தனாரா இருப்பாங்க. நம்மகிட்ட சொன்னா ராத்திரிக்குள்ள நம்ம அம்மா காதுக்கு போயிடும்னு அவங்களுக்கு பயம், அந்த பயம் நியாயமானது. அதனால சொந்த ஊர் பி.எச்.சி வேண்டாம், பக்கத்து பி.எச்.சி-ல போடுங்க. அப்படியும் சொந்தக்காரங்க வந்துட்டா வேற ஸ்டூடன்ட்கிட்ட மாத்தி விடணும்னு மொதல்லயே பேசி வச்சுக்கோங்க, இல்லன்னா அந்த நேரத்துல எந்திரிச்சு போகவும் முடியாது உக்காரவும் முடியாது.

அப்புறம் எடம். எங்களுக்கு குடுத்தது மருந்து ஸ்டோருக்கு பக்கத்துல ஒரு பெஞ்சு, போறவன் வர்றவன் எல்லாம் என்னம்மா பிரச்சனன்னு கேப்பான். யாரும் அங்க அழ மாட்டாங்க. கடைசில வி.எச்.என் (கிராம சுகாதார நர்ஸ்) அக்கா தான் தடுப்பூசி ரூம மத்தியானத்துல தொறந்து விட்டாங்க. டாக்டர பகைச்சுகிட்டாலும் பொழைச்சுக்கலாம், வி.எச்.என்-னையும் என்.சி.டி நர்ஸையும் பகைச்சுக்கிட்டா பிளேஸ்மென்ட் முடிஞ்சுது. எம்.டி.எம் (மக்களைத் தேடி மருத்துவம்) அக்காங்களும் அப்படித்தான், வீடு வீடா சுகர் மாத்திரை கொண்டு போறவங்க, எந்த வீட்ல கதவு பத்து நாளா மூடியே கெடக்குன்னு அவங்களுக்கு தான் தெரியும். மொத ரெண்டு வாரம் பேஷன்ட்டயே பாக்காம அவங்க பின்னாடி நடக்க விடுங்க பிள்ளைங்கள. எங்க சூப்பர்வைசர் அத ஃபீல்டுவொர்க் நேரமா கணக்குல எடுத்துக்க மாட்டேன்னுட்டாங்க, ஆனா நான் கத்துக்கிட்டது முக்கால்வாசி அந்த நடைல தான்.

கோடாங்கி, மந்திரிக்கிறவங்க பத்தியும் கிளாஸ்ல பேசுங்க. போகாதீங்கன்னு சொன்னா நம்மகிட்ட சொல்லாம போவாங்க, அவ்ளோ தான் நடக்கும். கயிறும் கட்டட்டும் மாத்திரையும் போடட்டும். ஏர்வாடில 2001-ல சங்கிலில கட்டி வச்சிருந்த 28 பேர் தீயில செத்தாங்களே, கட்டி வைக்கிறது, அடிக்கிறது, சோறு குடுக்காம போடறது இது மட்டும் எங்க பாத்தாலும் உடனே சொல்லணும், அதுல சமரசம் கெடையாது. அதுக்கப்புறம் ஏர்வாடி தர்காவுலயே அரசு டீம் போய் உக்காந்து மருந்தும் துவாவும் (தொழுகை வேண்டுதல்) ரெண்டும்னு பண்ணாங்க, அத பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுங்க, நல்ல பாடம்.

---

ஓ.பி.சீட்டு:

@முன்னாள் டிரெயினி பெஞ்சு மேட்டர் உண்மை, வெக்கமா இருக்கு, ஆனா எங்ககிட்ட ரூமே இல்லம்மா.

ஒண்ணு சேத்துக்கிறேன். பூச்சிமருந்து குடிச்சிட்டு பொழச்சு வந்தவங்க வீட்ல போலீஸ் கேஸ் ஆகிடும்னு பயந்து "தண்ணின்னு நெனச்சு தவறுதலா குடிச்சிட்டா"ன்னு சொல்லுவாங்க, ஸ்டூடன்ட்கிட்டயும் அதே தான் சொல்லுவாங்க. தற்கொலைக்கு முயற்சி பண்ணவங்கள கடுமையான மன அழுத்தத்துல இருந்தவங்களா தான் பாக்கணும், தண்டிக்கக் கூடாதுன்னு 2017 சட்டம் 115-வது பிரிவுலயே இருக்கு, பழைய 309 பிரிவும் 2024 ஜூலைல இருந்து புது சட்டத்துல வரல. இத அந்த குடும்பத்துக்கு பிள்ளைங்க எடுத்து சொன்னாலே பாதி பேர் உண்மைய சொல்ல ஆரம்பிப்பாங்க. சொன்னப்புறம் மொத வேலை வீட்ல மிச்சம் இருக்கிற மருந்து டப்பாவ வெளியேத்துறது, ஆள தனியா விடாம இருக்கிறது, அன்னைக்கே எனக்கு சொல்றது. ராத்திரில ஏதாவதுன்னா 14416 (டெலி மானஸ் மனநல ஹெல்ப்லைன்), இல்ல 104 (அரசு சுகாதார ஹெல்ப்லைன்), ரெண்டும் குடும்பத்தோட போன்ல சேவ் பண்ணிக் குடுத்துட்டு வரணும், பேப்பர்ல எழுதிக் குடுத்தா தொலஞ்சிடும்.

---

மலையடிவாரம்:

எல்லாருக்கும் நன்றி, இவ்ளோ வரும்னு எதிர்பாக்கல. நேத்து டிபார்ட்மென்ட் மீட்டிங்ல இத பிரிண்ட் எடுத்தே போட்டேன். ஒர்க்‌ஷாப் சார் கொஞ்சம் மொகம் சுளிச்சார், பரவால்ல.

இப்போதைக்கு இப்படி முடிவு பண்ணிருக்கோம். மொத ரெண்டு வாரம் வி.எச்.என், எம்.டி.எம் அக்காங்க கூட நடை மட்டும், அதையும் ஃபீல்டுவொர்க் நேரமா கணக்குல எடுப்போம். அப்புறம் சுகர் எறங்காதவங்க லிஸ்ட். ஒரு பிள்ளைக்கு அதிகபட்சம் நாலு குடும்பம், அதுக்கு மேல குடுத்தா பின்தொடர முடியாது. குடில எத கேக்கணும், ஒன்பதாவது கேள்விய எப்படி கேக்கணும்னு ரெண்டையும் நடிச்சுக் காட்டி பாஸ் ஆகாத பிள்ளைய பேஷன்ட்கிட்ட விடுறதில்ல. டி.எம்.எச்.பி-ல வியாழக்கிழமை சாயங்காலம் போன்ல கேஸ் பேச ஒத்துக்கிட்டாங்க, நானும் கூட உக்காருவேன். பி.எச்.க்யூ மார்க், கடைசியா பேசின தேதி, அடுத்து யார் என்ன பண்ணணும், இந்த மூணையும் ஒரே நோட்ல எழுதுறது, செமஸ்டர் முடியும்போது அந்த நோட்டு அடுத்த பேட்ச் கைக்கு போகணும், நடுவுல லீவ் மாசத்துல நான் பாத்துக்கணும். லீவ்ல யார் பாக்குறதுங்கிறதுல தான் மீட்டிங்ல பெரிய சண்டையே நடந்துச்சு.

பஸ் காசுக்கு பிரின்சிபால்கிட்ட எழுதிக் குடுத்திருக்கேன்.

இன்னும் ஒரு சந்தேகம். நாள் செவ்வாய், புதன்னு யோசிச்சோம். டாக்டர், அது சரி வருமா?

---

ஓ.பி.சீட்டு:

புதன் தடுப்பூசி நாள், அன்னைக்கு என்.சி.டி பக்கம் யாரும் திரும்பிக் கூட பாக்க மாட்டோம். எங்க பி.எச்.சி-ல செவ்வாய் கர்ப்பிணி செக்கப். சுகர்காரங்கள பாக்கணும்னா வேற நாள் போடுங்க. உங்க மெடிக்கல் ஆபீசர்கிட்ட அவங்க நாள் எதுன்னு கேட்டுக்கோங்க.

---

டி.எம்.எச்.பி அண்ணன்:

டாக்டர் சொன்னத வச்சே ஒண்ணு சொல்றேன், புதன்கிழமைய ஒரேயடியா விட்டுடாதீங்க மேடம். தடுப்பூசிக்கு வர்ற அம்மாங்க எல்லாம் குழந்தை பெத்து ஒண்ணரை மாசம், ரெண்டரை மாசம் ஆனவங்க, பிரசவத்துக்கு அப்புறம் வர்ற டிப்ரஷன் அந்த நேரத்துல தான் தெரியும், யாரும் கேக்குறதே இல்ல. அதுக்குன்னே எடின்பரோ ஸ்கேல்னு பத்து கேள்வி இருக்கு, தமிழ்லயும் இருக்கு. ரெண்டாவது செமஸ்டர்ல நல்லா தேறின ரெண்டு பிள்ளைங்கள மட்டும் அதுல போடுங்க. ஆனா மாமியார் பக்கத்துல நிக்கும்போது கேட்டா பத்துக்கும் நல்லா இருக்கேன்னு தான் பதில் வரும், அதனால வி.எச்.என் அக்காகிட்ட முன்னாடியே சொல்லி வச்சு, குழந்தைய எடை போட மாமியார் கைல குடுத்து அனுப்பிட்டு கேக்கச் சொல்லுங்க.